மருந்துக்கடை அக்கா பதில்கள்: ரெட்டினால் எரிகிறது, பகுச்சியால் போடலாமா?

போன இதழில், முகச்சுருக்கத்துக்குப் போடும் ரெட்டினால் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி. எனக்கு அது எரிகிறது, பகுச்சியால் என்று செடியிலிருந்து எடுத்த சாதுவான ஒன்று வந்திருக்கிறதாமே, அதைப் போடலாமா என்று. அதனால் பொடுகும் முடி கொட்டுவதும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகின்றன. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் நாகர்கோவில் வடசேரியில் மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயமென்றால் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

எனக்கு 43 வயது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ரெட்டினால் சீரம் ஒன்று வாங்கி அனுப்பினாள். தினமும் இரவு போட்டேன். பத்து நாளில் மூக்கோரமும் வாயோரமும் உரிந்துவிட்டது, வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்தது. நிறுத்திவிட்டேன். உரிந்த இடம் இப்போது கறுத்துக்கொண்டு வருகிறது. "அப்படியானால் பகுச்சியால் போடும்மா, அது மூலிகை, ஒன்றும் செய்யாது" என்கிறாள் மகள். நம்பலாமா?
— ஆசிரியை, தக்கலை

டீச்சர், மகள் சொன்னதில் முன்பாதி சரி. பகுச்சியால் போட்டுப் பார்க்கலாம். மூலிகை, அதனால் ஒன்றும் செய்யாது என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒன்றும் செய்யாத சாமானுக்கு எதற்குக் காசைக் கொடுப்பது?

உங்களுக்கு ஏன் எரிந்தது என்பதை முதலில் பார்ப்போம். ரெட்டினால் வைட்டமின் ஏ குடும்பம். தோலுக்குள் இறங்கியதும் இரண்டு கட்டமாக மாறி ரெட்டினாயிக் அமிலம் ஆகிறது. பழைய செல்லைத் தள்ளிப் புதுசைச் சீக்கிரம் மேலே கொண்டுவருவதும், தோலை இறுக்கமாக வைக்கும் கொலாஜனைத் தூண்டிவிடுவதும் அந்த அமிலம்தான். சுருக்கம் குறைவதும் அதனால்தான், முகம் உரிவதும் அதனால்தான். வாரத்துக்கு இரண்டு இரவு என்று ஆரம்பித்திருந்தால் உங்கள் முகம் ஒருவேளை பழகியிருக்கும். சிலருக்கு எப்படிப் போட்டாலும் பழகாது.

உரிந்த இடம் கறுப்பது நம் நிறத்துக்கே உள்ள தொல்லை. வெளிர்த் தோலில் எரிச்சல் வந்தால் சிவந்து ஆறிவிடும். நமக்கோ, ஆறின பிறகும் அந்த இடம் மாதக்கணக்கில் கறுப்பாகவே நிற்கும். முகக்கருமை போக வேண்டுமென்று வாங்குகிற மருந்தே எரிச்சல் கிளப்பிப் புதுக் கருமையை உண்டாக்கினால் என்ன லாபம்? "எரிந்தாலும் பரவாயில்லை, வேலை செய்கிறது என்று அர்த்தம்" என்று சில வீடியோக்களில் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. நம் ஊர்த் தோலுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது.

பகுச்சியால் வைட்டமின் ஏ கிடையாது. ரெட்டினாலின் அமைப்புக்கும் இதன் அமைப்புக்கும் சம்பந்தமே இல்லை. நலங்கு மாவுக்குப் போடுகிறோமே கார்போகரிசி, அந்த விதைக்குள் இருக்கும் பொருள் இது. புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் சுக்தேவ் குழுவினர் 1966இலேயே இதைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார்கள். முக சீரம் ஆவதற்குத்தான் இத்தனை காலம் பிடித்தது. ரெட்டினால் தோலில் எந்தெந்த மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறதோ, அவற்றில் பலவற்றை இதுவும் எழுப்புகிறது என்று 2014இல் ஓர் ஆய்வக அறிக்கை வந்தது. ஆய்வகத்தில் வளர்த்த தோலில் பார்த்தது அது.

மனிதர்கள் முகத்தில் போட்டுப் பார்த்த ஆய்வு 2019இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் டெர்மட்டாலஜி இதழில் அச்சானது. 44 பேர், 12 வாரம். ஒரு பிரிவுக்கு 0.5 சதவீத பகுச்சியால் காலையும் இரவும், இன்னொரு பிரிவுக்கு 0.5 சதவீத ரெட்டினால் இரவு மட்டும். யார் எதைப் போடுகிறார்கள் என்று மதிப்பிட்ட டாக்டருக்கும் தெரியாது. முடிவில் இரண்டு பக்கமும் சுருக்கமும் கருந்திட்டும் குறைந்திருந்தன, சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. உரிதலும் எரிச்சலும் ரெட்டினால் பக்கத்தில்தான் கூடுதல்.

இந்த ஓர் ஆய்வை வைத்துக்கொண்டுதான் எல்லாக் கம்பெனியும் "ரெட்டினாலுக்குச் சமம்" என்று பெட்டியில் அடிக்கிறார்கள். 44 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ரெட்டினாலின் அண்ணனான ட்ரெட்டினாயினை அமெரிக்கா முகப்பருவுக்கு அனுமதித்தது 1971இல். அன்றிலிருந்து சேர்ந்த ஆய்வு அந்தக் குடும்பத்துக்குப் பின்னால் நிற்கிறது. அதனால், ரெட்டினால் ஒத்துக்கொள்கிறவர்கள் அதை விட்டுவிட்டு இதற்கு ஓடி வர வேண்டியதில்லை. ஒத்துக்கொள்ளாத உங்களைப் போன்றவர்களுக்கு நியாயமான மாற்று, அவ்வளவுதான்.

நானும் போட்டுப் பார்த்தேன். ஒட்டுப்பொட்டின் பசைகூட என் நெற்றிக்கு ஆகாது. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஸ்கூட்டரில் போய் வந்தால் அந்தக் காற்றுக்கே கன்னம் இரண்டும் சிவந்துவிடும். அதனால் முதலில் முகத்தின் இடது பக்கம் மட்டும் தடவினேன். கொஞ்ச நாள் கழித்துக் கடையில் நிற்கும் பிள்ளையிடம், "எந்தப் பக்கம் நல்லா இருக்கு, பார்த்துச் சொல்லு" என்றேன். அவள் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, "வலது பக்கம்தான் எக்கா" என்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் தொடர்ந்து போட்டேன். ஐப்பசி மழை பிடித்த பிறகு மறுபடி கேட்டபோது யோசிக்காமல் இடது பக்கத்தைக் காட்டினாள். கண்ணோரத்துச் சின்னக் கோடுகள் மங்கியிருந்தன, கன்னத்துப் பழுப்புத் திட்டு கொஞ்சம் வெளுத்திருந்தது. நெற்றியில் குறுக்கே ஓடும் ஆழமான கோடு அப்படியே இருக்கிறது. அதற்கு இது போதாது. எரிச்சல் ஒரு நாளும் இல்லை. ஒரு குறை, எண்ணெய்ப் பிசுக்கு. மழைக்காலப் புழுக்கத்தில் தாடையில் வெள்ளை வெள்ளையாகப் பொடிப் பரு வந்தது, அளவைக் குறைத்ததும் அடங்கிவிட்டது.

உங்களுக்குச் சொல்வது இதுதான். இப்போதே எதையும் போடாதீர்கள். உரிந்த தோல் மூடுவதற்கு ஒரு மாதம் விடுங்கள். அதுவரை நுரை அதிகம் வராத வாசனையில்லாத பேஸ் வாஷ், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். வேறு ஒன்றும் வேண்டாம். வைட்டமின் சி சீரம், கிளைகாலிக் ஆசிட், தக்காளி, தயிர், எல்லாவற்றுக்கும் லீவு. தண்ணீர் பட்டு எரிவது நின்ற பிறகு, காதுக்குக் கீழே தாடையோரத்தில் ஒரு சொட்டு பகுச்சியாலைக் காலையும் இரவும் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். இந்த ஒரு வாரத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பகுச்சியாலுக்கே ஒவ்வாமை வந்தவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவு இருக்கிறது, அரிதுதான், ஆனால் இருக்கிறது.

முகத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரவில், மாய்ஸ்சரைசர் போட்ட பிறகு இரண்டு மூன்று சொட்டு. மூக்கு மடிப்பிலும் உதட்டோரத்திலும் அதற்கு முன்பே கொஞ்சம் வாசலைன் தடவிவிட்டால் அங்கே போய்த் தேங்காது. இரண்டு மூன்று வாரம் சாதுவாகப் போனால் தினமும் போடலாம். ரெட்டினால் வெளிச்சத்தில் கெட்டுப்போகும், அதனால்தான் அதை இரவில் போடச் சொல்கிறார்கள். பகுச்சியாலுக்கு அந்தக் கவலை இல்லை, காலையிலும் போடலாம். ஆனால் காலையில் பிரேயருக்கு மைதானத்தில் நிற்கிறவர் நீங்கள், மேலே சன்ஸ்கிரீன் கட்டாயம். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் காணும். அது இல்லாமல் எந்தச் சீரத்துக்கும் அந்தக் கருமை மசியாது. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

பகுச்சியால் சீரம் 30 மில்லி 700 ரூபாய் சொல்கிறார்கள். அது கார்போகரிசியிலிருந்துதானே வருகிறது? கோட்டாறு நாட்டு மருந்துக்கடையில் அந்த விதை சொற்பக் காசுக்குக் கிடைக்கிறது. இடித்துத் தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தருகிறேன் என்கிறார் என் மாமியார். அதே பலன் கிடைக்காதா?
— இல்லத்தரசி, தோவாளை

மாமியாரை அடுப்பை அணைக்கச் சொல்லுங்கள்.

கார்போகரிசியைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். மிளகைவிடச் சின்னதாக, கறுப்பாக, சப்பையாக, மேலெல்லாம் சொரசொரப்பாக இருக்கும். இடித்தால் உரலில் பிசின் மாதிரி ஒட்டும், ஒரு காரமான மணம் வரும். அந்தப் பிசினுக்குள் பகுச்சியால் மட்டும் இல்லை. சொராலென் என்ற பொருளும் அதன் கூட்டாளி ஐசோசொராலெனும் இருக்கின்றன. இவை தோலில் இருக்கும்போது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் போதும், தோல் வெந்துவிடும். முதலில் சிவக்கும், ஒன்றிரண்டு நாளில் கொப்புளிக்கும், அப்புறம் கரிய திட்டாக நிற்கும். மீனில் சதையும் முள்ளும் மாதிரி இரண்டும் ஒரே விதைக்குள். 700 ரூபாய் பாட்டில்காரன் செய்கிற முக்கியமான வேலை முள்ளை எடுப்பதுதான். உங்கள் மாமியாரின் வாணலியில் முள் அப்படியே இறங்கும்.

அந்த முள்ளே மருந்தாகும் இடமும் உண்டு. வெண்புள்ளிக்கு நம் சித்த, ஆயுர்வேத வைத்தியத்தில் கார்போகரிசி காலம் காலமாக இருக்கிறது. நிறமற்ற இடத்தில் பூசி அளவாக வெயில் காட்டினால் நிறம் திரும்பத் தூண்டுதல் கிடைக்கும் என்பதுதான் அந்த வைத்தியத்தின் சூட்சுமம். அலோபதியிலும் சொராலெனைக் கொடுத்துப் புற ஊதா விளக்கு காட்டும் சிகிச்சை 1970களிலிருந்து நடக்கிறது. அதை மருத்துவர் நிமிடக் கணக்கு வைத்துச் செய்வார். கோட்டாறு வரை போகிறீர்கள் என்றால் அங்கேயே அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, வெண்புள்ளிக்கென்றால் அங்கே கேளுங்கள். சுருக்கத்துக்காக வீட்டில் காய்ச்சிப் பூசிக்கொண்டு மொட்டை மாடியில் துணி காயப்போடப் போவது வேறு கதை. அப்படி ஒரு பெண் கடைக்கு வந்தார். இரவில் பூசிய எண்ணெயைக் காலையில் சரியாகக் கழுவாமல் தோவாளைச் சந்தைக்குப் பூ எடுக்கப் போயிருக்கிறார். கழுத்தில் எண்ணெய் வழிந்த கோடு வழிந்த மாதிரியே கறுத்துப் போயிருந்தது, விரலால் வரைந்து காட்டலாம். சேலைத் தலைப்பு மூடியிருந்த பக்கம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் நலங்கு மாவு? பயற்றம்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் என்று இத்தனையோடு கார்போகரிசி கொஞ்சமாகத்தான் சேரும், அதையும் தேய்த்த கையோடு கழுவிவிடுகிறோம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் முகம் எளிதில் சிவக்கிறவர்களும், குழந்தைக்குத் தேய்க்க அரைப்பவர்களும் கார்போகரிசியை விட்டுவிட்டு அரையுங்கள், மாவு ஒன்றும் குறைந்துபோகாது. இதே சங்கதி எலுமிச்சைக்கும் உண்டு. அதிலும் சொராலென் வகைப் பொருள் இருக்கிறது, முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள்.

இன்னொன்று, கார்போகரிசியைப் பொடித்து உள்ளுக்குச் சாப்பிடச் சொல்லி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வைத்தியர் சொல்லாமல் தொடாதீர்கள். அதைச் சாப்பிட்டு ஈரல் கெட்டவர்கள் உண்டு.

கடையில் பாட்டில் வாங்கும்போதும் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். உட்பொருள் பட்டியலில் பகுச்சியால் என்று தனியாக இருக்க வேண்டும், சதவீதம் 0.5 முதல் 1 வரை இருந்தால் போதும். சொராலியா கோரிலிஃபோலியா விதை எண்ணெய் என்றோ பாப்சி ஆயில் என்றோ மட்டும் போட்டிருந்தால் அது உங்கள் மாமியார் காய்ச்ச இருந்த சரக்கின் அண்ணன்தான். முன்பக்கத்தில் "இயற்கை ரெட்டினால்" என்று பெரிதாக எழுதியிருப்பதை எல்லாம் நம்ப வேண்டாம், செடியில் ரெட்டினால் கிடையாது.

மகளுக்குத் தை மாதம் கல்யாணம். ஒரு வருஷமாக மெடிக்கலில் சின்ன ட்யூப் ஒன்று வாங்கிப் போடுகிறாள். போட்டால் முகம் பளிச்சென்று இருக்கிறது. இரண்டு நாள் விட்டால் சிவந்து, சூடு பறந்து, பருவாக வருகிறது. பார்லரில் சென்சிடிவ் ஸ்கின் என்றார்கள். கல்யாணத்துக்குள் பகுச்சியாலுக்கு மாற்றிவிடலாமா?
— ஒரு தாய், மார்த்தாண்டம்

அம்மா, ட்யூபின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எழுத வேண்டாம், எனக்குத் தெரியும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்று மூன்று பெயர் இருக்கிறதா? மூன்றாவது ஸ்டீராய்டு. கருந்திட்டுக்காகத் தோல் டாக்டர் சில வாரத்துக்கு மட்டும் எழுதித் தரும் மருந்து இது. ஊரில் சிவப்பழகு கிரீம் என்று கைமாறிக்கொண்டிருக்கிறது.

ஸ்டீராய்டு முகத்தில் தொடர்ந்து பட்டால் தோல் மெலியும். சிவப்பு நரம்புகள் வெளியே தெரியும், பரு வரும், சிலருக்கு மோவாயில் முடி வளரும். நிறுத்தினால் முகம் பழிவாங்கும், அதுதான் நீங்கள் பார்க்கும் சிவப்பும் சூடும். உங்கள் மகளுக்குப் பிறவியிலேயே மென்தோல் என்று நான் நினைக்கவில்லை. அந்த ட்யூப் செய்த மென்தோல் அது. கூடவே ட்ரெட்டினாயினும் இருப்பதால், ரெட்டினாலைவிடக் காரமான ஒன்றைத் தெரியாமலே ஒரு வருஷம் போட்டிருக்கிறாள். இந்த நிலையில் பகுச்சியாலோ வேறு சீரமோ எதுவும் மேலே ஏற்றக் கூடாது.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், ட்யூபையும் கையோடு எடுத்துப் போங்கள். எப்படி நிறுத்துவது, நடுவில் என்ன போடுவது என்று அவர்கள் சொல்வார்கள். ஒரேயடியாக நீங்களாக நிறுத்தினால் அந்தச் சிவப்பைத் தாங்க முடியாமல் மறுபடி ட்யூபுக்கே போய்விடுவாள், நான் அதை வாரா வாரம் பார்க்கிறேன். தை மாதத்துக்குள் முழுதாகச் சரியாகுமா என்று கேட்டால், மாதங்கள் ஆகலாம். கல்யாணத்தன்று முகம் கொஞ்சம் சிவந்திருந்தால் இருக்கட்டும்.

மருந்துக்கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த ஸ்டீராய்டு கிரீம்களை 2018இல் மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்துவிட்டது. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. "டாக்டர் பீசுக்குக் காசில்லை அக்கா" என்று பிள்ளைகள் வந்து நிற்கும்போது கை நீளத்தான் செய்யும். ஆசாரிபள்ளத்தில் பீஸ் கிடையாது என்று சொல்லி அனுப்புங்கள்.

பெயரும் முகவரியும் பேட்ச் நம்பரும் இல்லாத டப்பாக் கிரீம் அதைவிட மோசம். 2023இல் கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில் பாதரசம் கலந்த வெள்ளையாக்கும் கிரீம் போட்டுச் சிறுநீரகம் பாதித்தவர்களைப் பற்றிச் செய்தி வந்தது நினைவிருக்கும். களியக்காவிளை எல்லையைத் தாண்டி வர அந்த டப்பாக்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஆறு மாதம் கர்ப்பமாக இருக்கிறேன். கன்னத்தில் மங்கு படர்கிறது. ரெட்டினால் கூடாது என்று தெரியும். பகுச்சியால் கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பு என்று போட்டிருக்கிறார்களே?
— வாசகி, பேச்சிப்பாறை

வைட்டமின் ஏ வகை மாத்திரைகள் கருவைப் பாதிக்கும் என்பது உறுதியான விஷயம். அதனால் அந்தக் குடும்பத்துக் கிரீம்களையும் முன்னெச்சரிக்கையாக விலக்குகிறார்கள். பகுச்சியால் அந்தக் குடும்பம் இல்லை என்பதை வைத்துக்கொண்டு பாதுகாப்பு என்று அடித்துவிட்டார்கள். கர்ப்பிணிகளிடம் அதைப் போட்டுப் பார்த்துச் சொன்னது கிடையாது. இன்னும் மூன்று மாதம்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள். சிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன், வெளியே போனால் குடை. கர்ப்ப மங்கு பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு தானாகவே மங்கும். அதற்குள் மனசு கேட்கவில்லையென்றால் அசிலாயிக் ஆசிட் கிரீம் போடலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், கர்ப்ப காலத்தில் அதை எழுதித் தருவதுண்டு.

ஆண்கள் போடலாமா? ஆழ்கடலுக்குப் போகிறவன். 31 வயதிலேயே கண்ணோரம் சுருக்கம் விழுந்து வயசானவன் மாதிரி இருக்கிறேன் என்று பெண் பார்க்கப் போன இடத்தில் பேச்சு.
— மீனவர், தூத்தூர்

தாராளமாகப் போடலாம் தம்பி, தோலுக்கு ஆண் பெண் கிடையாது. ஆனால் போட்டில் கொண்டுபோக வேண்டாம். வாரக்கணக்கில் அந்த வெக்கையில் பாட்டில் கெட்டுவிடும். கரையில் இருக்கும் நாட்களில் இரவு போடுங்கள்.

கடலில் உங்களுக்கு வேண்டியது வேறு. தலைக்கு மேலே வெயில் போதாதென்று தண்ணீரிலிருந்தும் கதிர் திருப்பி அடிக்கும். மேகமூட்டமாக இருந்தாலும் புற ஊதாக் கதிரில் பெரும்பங்கு கீழே இறங்கும். கண்ணோரச் சுருக்கத்தில் பாதி, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்ததில் வந்தது. அதற்கு நல்ல கூலிங் கிளாஸ். அகலமான விளிம்புள்ள தொப்பி, முழுக்கைச் சட்டை. சன்ஸ்கிரீனில் குச்சி வடிவத்தில் சிங்க் ஆக்சைடு கிடைக்கிறது, கிரிக்கெட்காரர்கள் மூக்கில் பூசுவார்களே, அது. வலை இழுக்கிற கையால் சும்மா இழுத்துக்கொள்ளலாம், வேர்வையில் சீக்கிரம் போகாது. கூட இருப்பவர்கள் இரண்டு நாள் சிரிப்பார்கள், மூன்றாம் நாள் கடன் கேட்பார்கள். அந்தப் பெண் வீட்டாருக்கு நான் பதில் சொல்ல முடியாது.

அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை. கை கறுத்து உரிகிறது, வெடிக்கிறது. செடி மருந்து என்பதால் பகுச்சியாலைக் கையில் போட்டால் சரியாகுமா?
— பெயர் வேண்டாம், கருங்கல்

சரியாகாது அக்கா, காசை வீணாக்காதீர்கள். அண்டித் தோட்டில் இருக்கும் பால் தோலை அரிக்கும் சாதி. அதுவும் செடியிலிருந்து வந்ததுதான் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். வெடித்த கையில் எந்தச் சீரமும் ஏறக் கூடாது. வேலைக்கு முன்னால் ஆமணக்கெண்ணெயோ சாம்பலோ தேய்த்துக்கொள்வீர்கள், அது நல்ல பழக்கம், கையுறை கிடைத்தால் அதைவிட நல்லது. வேலை முடிந்ததும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவாதீர்கள், கறை போகும், தோலும் போகும். முதலில் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு. இரவில் கெட்டியாக வாசலைன் பூசிப் பழைய பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு படுங்கள். இரண்டு வாரத்தில் வெடிப்பு மூடவில்லையென்றால், அல்லது நீர் கசிந்தால், ஆசுபத்திரி. முதலாளி கையுறை வாங்கித் தர மாட்டேன் என்றால் அதையும் எழுதுங்கள்.

வாங்கும்போது பகுச்சியால் சீரம் இளமஞ்சளாக இருந்தது. இப்போது கரும்பழுப்பாகி, பழைய எண்ணெய் வாடை அடிக்கிறது. பாதி மிச்சம் இருக்கிறது, போடலாமா?
— வாசகி, இரணியல்

வேண்டாம். பகுச்சியால் தாங்கினாலும் அதைக் கரைத்திருக்கும் எண்ணெய் நம் ஊர்ப் புழுக்கத்தில் காறிவிடும். பாட்டிலில் திறந்த டப்பா படமும் அதற்குள் 6 அல்லது 12 என்று எண்ணும் இருக்கும், திறந்ததிலிருந்து அத்தனை மாதம்தான் கணக்கு. அடுத்த பாட்டில் வாங்கினால் திறந்த தேதியைப் பேனாவால் அதன்மேலேயே எழுதி, குளியலறையில் வைக்காமல் அலமாரிக்குள் வையுங்கள்.